நடிகர்களுக்கான ஹெட்ஷாட்: கேமரா முன் உட்காரும் முன்பும் பின்பும் செய்ய வேண்டியவை

கேஸ்டிங் செய்கிறவர், அதாவது வேடங்களுக்கு நடிகர்களைத் தேர்ந்தெடுப்பவர், உங்கள் படத்தை முதன்முதலில் பார்ப்பது பெரும்பாலும் ஒரு திரையில், தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரிய அளவில், வேறு பல முகங்களுக்கு நடுவே. அப்போது அவர் மனத்தில் ஒரு கதாபாத்திரம் இருக்கிறது. "இந்த முகம் அந்த ஆளாக இருக்க முடியுமா?" என்ற கேள்வியோடுதான் கண்ணை ஓட்டுகிறார். பார்வை நின்றால் ஆடிஷனுக்கு அழைப்பு வரலாம். நிற்காவிட்டால் அடுத்த முகத்துக்குப் போய்விடுவார்.

ஹெட்ஷாட் என்பது அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் படம். தலையும் தோளும், சில சமயம் மார்பு வரையும் தெரியும். கண்கள் துல்லியமாக ஃபோகஸில் இருக்கும். பின்னணி எதுவும் பேசாது. மாடலிங் போர்ட்ஃபோலியோவில் உடையும் உடலும் போஸும் முக்கியம். குடும்ப விழாப் படத்தில் அழகாகத் தெரிவது முக்கியம். ஹெட்ஷாட்டில் முக்கியம், படத்தில் இருக்கிற அதே ஆள் ஆடிஷன் அறைக்குள் நடந்து வருவது. உடை, மேக்கப், ரீடச் (எடுத்த படத்தைக் கணினியில் திருத்துவது) என்று கீழே எந்த இடத்தில் சந்தேகம் வந்தாலும் இந்த ஒன்றை வைத்து முடிவெடுத்துவிடலாம்.

முதலில் தாளும் பேனாவும்

போட்டோகிராபரைத் தேடும் முன்பே இந்த வேலையை முடித்துவிடுங்கள். உங்களுடைய இன்றைய முகத்துக்கும் உடலுக்கும் நாளைக்கே யாராவது அழைத்தால் என்ன வேடம் தருவார்கள்? ஐந்தாறு வேடங்களை எழுதுங்கள். நடிக்க ஆசைப்படும் வேடங்களைத் தனியாக எழுதி வைத்துக்கொள்ளலாம், தப்பில்லை. ஆனால் ஹெட்ஷாட்டுக்கு வேண்டியது முதல் பட்டியல்தான்.

"போலீஸ்", "டாக்டர்" என்று தொழிலோடு நிறுத்திவிடாதீர்கள். யார் சொல்வதையும் சட்டென்று நம்பிவிடாத போலீஸ்காரர், தூக்கமில்லாத இரவிலும் நோயாளியின் பெயரை மறக்காத டாக்டர், வீட்டில் எல்லோர் சண்டையையும் தீர்த்துவைக்கிற அக்கா, கடன் வாங்கியதை யாருக்கும் சொல்லாமல் சிரித்துக்கொண்டே திரிகிற தம்பி. இப்படிக் குணத்தோடு எழுதுங்கள். ஷூட் நாளில் கேமரா முன் உட்கார்ந்து "இப்போது நான் எதை நினைப்பது?" என்று திணறும்போது இந்த வரிகள்தான் கைகொடுக்கும்.

அடுத்து, உங்களோடு அதிகம் பழகாத நாலைந்து பேரிடம் கேளுங்கள். நெருங்கியவர்கள் உங்கள் மனசைத் தெரிந்துவைத்துக்கொண்டு பதில் சொல்வார்கள். புதியவர்கள்தான் முகத்தை மட்டும் பார்த்துச் சொல்வார்கள், கேஸ்டிங் செய்கிறவரைப் போலவே. என்னைப் பார்த்தால் என்ன வேலை செய்கிறவர் மாதிரி இருக்கிறது, எத்தனை வயது மதிப்பீர்கள், முதல் பார்வையில் எப்படிப்பட்ட ஆள் என்று தோன்றியது என்ற மூன்று கேள்விகள் போதும். திரும்பத் திரும்ப வருகிற பதில் உங்களுக்குப் பிடிக்காததாக இருந்தாலும் குறித்துக்கொள்ளுங்கள். பலர் "கொஞ்சம் கண்டிப்பான ஆள்" என்கிறார்கள் என்றால், உங்கள் முகம் அந்தக் கதவை ஏற்கெனவே திறந்து வைத்திருக்கிறது. அதை மூட வேண்டியதில்லை.

வயது விஷயத்தில் நேர்மை ரொம்ப முக்கியம். பார்ப்பவர்கள் 35 என்று மதிப்பிடுகிற முகத்தை வெளிச்சத்தாலும் ரீடச்சாலும் 22 ஆக்கி அனுப்பினால், கல்லூரி மாணவர் வேடத்துக்கு அழைப்பார்கள், பார்த்ததும் அனுப்பிவிடுவார்கள். உங்களுக்குக் கிடைத்திருக்கக்கூடிய 35 வயது வேடத்துக்கோ அழைப்பே வராது. இரண்டு பக்கமும் நஷ்டம்.

அந்த முதல் பட்டியலையும் இந்தப் பதில்களையும் வைத்து 2 அல்லது 3 லுக், அதாவது தோற்றம், முடிவுசெய்யுங்கள். முதல் முறை படம் எடுப்பவருக்கு அதற்கு மேல் வேண்டாம். விளம்பரங்களுக்குப் பயன்படும், பிரகாசமான வெளிச்சத்தில் நட்பாகச் சிரிக்கிற ஒரு லுக். கதைப் படங்களுக்கும் தொடர்களுக்கும் பயன்படும், கொஞ்சம் ஆழமான, சிரிப்பில்லாத ஒரு லுக். இந்த இரண்டும் அடிப்படை. மூன்றாவது, உங்கள் முகத்துக்கென்றே உரியது எதுவோ அது.

போட்டோகிராபரைத் தேர்ந்தெடுத்தல்

எடுத்த படங்களைக் காட்டச் சொல்லுங்கள். அதிலும் ஹெட்ஷாட்டுகளை மட்டும் கேளுங்கள். கல்யாணப் படங்களிலும் ஃபேஷன் படங்களிலும் கைதேர்ந்தவருக்கு ஹெட்ஷாட் கைவராமல் போகலாம். அது வேறு பயிற்சி. அவர் காட்டும் பத்து முகங்களும் பத்து வேறு மனிதர்களாகத் தெரிகிறார்களா, அல்லது ஒரே வெளிச்சத்தில் ஒரே சிரிப்பு சிரிக்கும் பத்துப் பேரா? கண்களில் ஏதோ ஓர் எண்ணம் ஓடுகிறதா? தோல் தோலாகத் தெரிகிறதா, பிளாஸ்டிக் போலவா? உங்கள் தோல் நிறம் உள்ளவர்களை எப்படி எடுத்திருக்கிறார் என்பதைக் கட்டாயம் பாருங்கள். கருத்த தோலுக்கு வெளிச்சம் வைக்கத் தெரியாதவர்கள் அதை எடிட்டிங்கில் வெளுப்பாக்கிச் சமாளிப்பார்கள்.

பணம் கொடுக்கும் முன் சில விஷயங்களை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எத்தனை மணி நேரம், எத்தனை லுக், ரீடச் செய்த படங்கள் எத்தனை, எத்தனை நாளில் கைக்கு வரும், மேக்கப் செய்பவர் வருவாரா, தேதி மாற்றினால் என்ன ஆகும். படங்களை எங்கெல்லாம் பயன்படுத்தலாம் என்பதையும் கேளுங்கள். பல நாடுகளில் எடுத்தவருக்கே படத்தின் காப்புரிமை இருக்கும், அப்படியான இடத்தில் உங்களுக்குக் கிடைப்பது பயன்படுத்தும் அனுமதிதான். கேஸ்டிங் தளங்கள், சமூக ஊடகம், அச்சு மூன்றும் அந்த அனுமதியில் இருக்கட்டும்.

புதுமுகங்கள் மறக்கக்கூடாத ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். "எங்களிடம் போர்ட்ஃபோலியோ எடுத்தால் வாய்ப்பு நிச்சயம்" என்று யாராவது சொன்னால் அங்கிருந்து விலகிவிடுங்கள். படம் எடுக்கிறவர் படத்துக்குத்தான் பொறுப்பு ஏற்க முடியும், வேடத்துக்கு முடியாது. ஹெட்ஷாட்டுக்கு உடலைக் காட்டவேண்டிய தேவை எதுவும் கிடையாது. துணைக்கு ஓர் ஆளை அழைத்துவரலாமா என்று கேளுங்கள். முடியாது என்று சொல்கிற இடத்துக்குப் போக வேண்டாம். எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் இதில் விதிவிலக்கு வைக்காதீர்கள்.

இப்போதைக்குப் பணம் இல்லையென்றால் நண்பரை வைத்துத் தற்காலிகமாக ஒன்று எடுத்துக்கொள்ளலாம். நேரடி வெயில் விழாத பெரிய ஜன்னலின் பக்கம் முகத்தைத் திருப்பி, பின்சுவரிலிருந்து நன்றாக முன்தள்ளி உட்காருங்கள். கேமரா கண் மட்டத்தில், ஒன்றரை மீட்டருக்குக் குறையாத தூரத்தில் இருக்கட்டும். தனி கேமரா என்றால் 85 மி.மீ. அல்லது அதையொட்டிய லென்ஸ், கைப்பேசி என்றால் அதன் டெலி லென்ஸ் (தூரத்தில் இருப்பதை நெருக்கிக் காட்டுவது). கையை நீட்டி எடுக்கும் செல்ஃபி ஹெட்ஷாட் ஆகாது. 12 அங்குலத்தில் எடுத்த படத்தில் மூக்கு, 5 அடி தூரத்தில் எடுத்ததைவிடச் சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று 2018-இல் வெளியான ஒரு மருத்துவ ஆய்வு கணக்கிட்டது. முகத்தின் அளவே மாறிவிடுகிறது.

உடை

உடையைப் பற்றித்தான் எல்லோரும் அதிகம் கவலைப்படுகிறார்கள். கேஸ்டிங் செய்கிறவரோ அதை அரை நொடிதான் பார்க்கிறார். அந்த அரை நொடியில் உடை முகத்திலிருந்து கண்ணை இழுக்காமல் இருந்தால் போதும்.

ஒற்றை நிறத் துணிகளை எடுங்கள். கரும்பச்சை, ஆழ்ந்த நீலம், மெரூன், சாம்பல் கலந்த நீலம் போன்ற நிறங்கள் பலருக்கும் பொருந்தும். தூய வெள்ளை வெளிச்சத்தை அள்ளித் திருப்பி அனுப்பி முகத்தை மங்கலாக்கலாம். கறுப்புப் பின்னணியில் கறுப்புச் சட்டை போட்டால் தலை மட்டும் மிதப்பது போல் ஆகிவிடும். நெருக்கமான கோடுகளும் சிறு கட்டங்களும் வேண்டாம். கேமரா சென்சாரில் அவை அலை அலையாக நெளியும், எடிட்டிங்கில் எளிதாகப் போகாது. எழுத்து, லோகோ, பெரிய பூ எதுவும் கூடாது.

கழுத்து வெட்டுதான் உண்மையில் வித்தியாசம் காட்டுகிற இடம். படத்தில் தெரிவது முகமும் கழுத்தும் தோளும்தான். காலர், வட்டக் கழுத்து, V கழுத்து என்று ஒவ்வொரு லுக்குக்கும் வெவ்வேறாக எடுத்துக்கொள்ளுங்கள். மேலே போட்டுக் கழற்றக்கூடிய ஒரு ஜாக்கெட்டோ மெல்லிய மேலாடையோ இருந்தால் ஒரே சட்டை இரண்டு ஆளாக மாறும். தோள் தையல் சரியான இடத்தில் உட்காராத உடை எவ்வளவு விலையாக இருந்தாலும் படத்தில் இரவல் வாங்கியது போலவே தெரியும்.

வேடத்தைச் சுட்டிக்காட்டலாம், வேஷம் கட்டக்கூடாது. டாக்டருக்கு வெள்ளைக் கோட்டும் ஸ்டெதஸ்கோப்பும் வேண்டாம். கைமடித்த நீலச் சட்டையும் நிதானமான பார்வையும் அந்த வேலையைச் செய்துவிடும். போலீஸ் வேடத்துக்குச் சீருடை வேண்டாம். கெட்டியான துணியில் காலர் சட்டை, பொத்தான் போட்ட கழுத்து, நேரான தோள் போதும். மிச்சத்தைப் பார்க்கிறவர் தாமாகவே நிரப்பிக்கொள்வார்.

நகை, மணிக்கட்டுக் கயிறு, பெரிய காதணி எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஆரம்பியுங்கள். நீங்கள் தினமும் போடுகிற சின்னக் காதணி உங்கள் முகத்தின் பகுதியாகவே ஆகிவிட்டிருந்தால் அது இருக்கலாம். கண்ணாடி அணிபவர்கள் அணிந்தும் அணியாமலும் எடுங்கள். லென்ஸில் வெளிச்சம் அடித்தால், காதுக்கு மேல் நிற்கும் பகுதியைச் சற்றே உயர்த்தி, லென்ஸ் கீழ்நோக்கிச் சாயும்படி வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

முடி, தோல், மேக்கப்

முடி வெட்டுவதாக இருந்தால் ஒன்று முதல் இரண்டு வாரம் முன்பே வெட்டிவிடுங்கள். புதிய ஸ்டைலைச் சோதித்துப் பார்க்கும் நேரம் இது இல்லை. தாடி வைத்திருப்பவர்களுக்கு ஒரு நல்ல வசதி உண்டு: தாடியோடு ஒரு லுக், அங்கேயே டிரிம் செய்து இரண்டாவது, மழித்துவிட்டு மூன்றாவது. ஆனால் மழித்த முகத்தோடு ஆடிஷனுக்குப் போகத் தயாராக இருந்தால் மட்டும் அப்படிச் செய்யுங்கள். மழித்த உடனே தோல் சிவக்கிறவர்களுக்குக் கொஞ்ச நேரம் தேவைப்படும் என்பதைப் போட்டோகிராபரிடம் முன்பே சொல்லி வையுங்கள்.

ஃபேஷியல், த்ரெடிங், வாக்ஸிங் எதுவாக இருந்தாலும் சில நாள் இடைவெளி விடுங்கள். இதுவரை பயன்படுத்தாத கிரீமை அந்த வாரத்தில் தொட வேண்டாம். தோல் ஒத்துக்கொள்ளாமல் தடித்துவிட்டால் தேதியைத்தான் மாற்ற வேண்டியிருக்கும். பருவைக் கிள்ளாதீர்கள். பரு ரீடச்சில் ஒரு நிமிட வேலை. கிள்ளிய புண்ணைச் சரிசெய்வது அவ்வளவு சுலபமில்லை.

மேக்கப்பின் வேலை, முகத்தின் பளபளப்பை அடக்குவதும் நிறத்தைச் சீராக்குவதும். ஆண்களுக்கும் நெற்றியிலும் மூக்கிலும் லேசான மேட் பவுடர் தேவைப்படும். டைட்டானியம் டை ஆக்சைடோ ஜிங்க் ஆக்சைடோ உள்ள சன்ஸ்கிரீனும் சில வெள்ளைப் பவுடர்களும் ஃபிளாஷ் வெளிச்சத்தில் முகத்தை வெளிறிக் காட்டலாம். எனவே ஷூட் நாளில் முகத்தில் என்ன பூசியிருக்கிறீர்கள் என்று மேக்கப் செய்பவரிடம் சொல்லுங்கள். அவர் முடித்ததும் கண்ணாடியில் பார்க்கும்போது "இது யார்?" என்று தோன்றினால் தயங்காமல் குறைக்கச் சொல்லுங்கள். ஆடிஷனுக்குப் போகும் காலையில் உங்கள் கையாலேயே போட்டுக்கொள்ள முடிகிற அளவுதான் சரியான அளவு.

முந்தின நாள்

நன்றாகத் தூங்குங்கள், தண்ணீர் குடியுங்கள், உப்பு அதிகமான உணவையும் மதுவையும் தவிருங்கள். இரண்டும் காலையில் கண்ணுக்கடியில் வீக்கமாகத் தெரியக்கூடும். உடைகளை இஸ்திரி போட்டு ஹேங்கரில் தொங்கவிட்டே எடுத்துப் போங்கள். ஒவ்வொன்றையும் போட்டு, உட்கார்ந்து, கைப்பேசியில் மார்பளவுக்கு ஒரு படம் எடுத்துப் பாருங்கள். நிற்கும்போது அழகாக இருக்கும் சட்டை உட்கார்ந்ததும் கழுத்தருகே உப்பி நிற்பது அப்போதுதான் தெரியும்.

பையில் இருக்க வேண்டியவை: சீப்பு, முடிப் பிசிறை அடக்க ஜெல், லிப் பாம், மேட் பவுடர், எண்ணெய் ஒற்றும் தாள், டிஷ்யூ, ஊக்குகள், உடை பின்புறம் தளர்ந்திருந்தால் பிடிக்க இரண்டு கிளிப், துணியில் ஒட்டிய நூலை எடுக்க ஒட்டும் டேப், ஷேவிங் பொருள்கள், கண் சொட்டு மருந்து பழக்கமுள்ளவர்களுக்கு அது, தண்ணீர், வயிற்றுக்கு லேசாக ஏதாவது. இவற்றோடு அந்தக் குணப் பட்டியல் எழுதிய தாளும் இருக்கட்டும். அதை மறந்துவிட்டுச் சீப்பை மட்டும் எடுத்துப் போகிறவர்கள்தான் அதிகம்.

கேமரா முன்

சொன்ன நேரத்துக்குப் பதினைந்து நிமிடம் முன்பே போய்விடுங்கள். ஓடிவந்த மூச்சு முகத்தில் கொஞ்ச நேரமாவது தங்கும். போனதும் பட்டியலைப் போட்டோகிராபரிடம் காட்டி, இந்த லுக்கில் எனக்கு இந்த ஆள் வேண்டும் என்று சொல்லுங்கள். நல்ல போட்டோகிராபர் அதைக் கேட்டதும் வெளிச்சத்தையே மாற்றி வைப்பார்.

முதல் பதினைந்து இருபது படங்கள் பெரும்பாலும் பயன்படாது. உடம்பு கேமராவுக்குப் பழகுகிற நேரம் அது. பதற்றப்பட வேண்டாம், அவை எல்லோருக்கும் அப்படித்தான்.

உடம்பைப் பற்றி நாலே விஷயம் தெரிந்திருந்தால் போதும். தாடையைக் கொஞ்சம் கேமராவை நோக்கி முன்னுக்குக் கொண்டுவந்து, பிறகு ஒரு நூல் கீழே இறக்குங்கள். நேரில் விசித்திரமாகத் தோன்றும், படத்தில் தாடைக்கோடு தெளிவாக விழும். தோள்களைக் காதுவரை தூக்கி ஒரே மூச்சில் கீழே விடுங்கள். உதடுகள் இறுகியிருந்தால் வாய் வழியாக மெல்லக் காற்றை ஊதி விடுங்கள். கண் அகல விரிந்து பயந்தது போல் இருந்தால் கீழிமையை மட்டும் மயிரிழை அளவு இறுக்குங்கள். பார்வைக்கு உடனே ஓர் உறுதி வந்துவிடும். இதை வீட்டில் கண்ணாடி முன் சில நாள் பழகுங்கள். ஷூட்டில் முதன்முதலாகச் செய்தால் யோசனையெல்லாம் தாடையிலேயே மாட்டிக்கொள்ளும்.

இனி முக்கியமான வேலை. நீங்கள் நடிகர் என்பதால் கேமரா முன் உணர்ச்சியைக் "காட்ட" கை பரபரக்கும். கோபம் என்றால் புருவத்தைச் சுருக்கத் தோன்றும், அன்பு என்றால் பல் தெரியச் சிரிக்கத் தோன்றும். அசையாத படத்தில் இது பொய்யாகவே விழும், ஏனென்றால் படத்தில் முன்னும் பின்னும் காட்சி கிடையாது. உணர்ச்சியை விட்டுவிட்டு ஓர் ஆளையும் ஒரு வாக்கியத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். லென்ஸுக்குப் பின்னால் ஓர் ஆள் இருக்கிறார். அவர் யார் என்று முடிவுசெய்யுங்கள். அவரிடம் மனசுக்குள் ஒரு வாக்கியம் சொல்லுங்கள். போலீஸ் லுக்குக்கு: "நீ சொல்வதில் ஒன்று இடிக்கிறது." அக்கா லுக்குக்கு: "அழுதது போதும், சாப்பிட வா." தம்பி லுக்குக்கு: "எல்லாம் நல்லா போகுது, நீ கவலைப்படாதே." வாய் அசைய வேண்டாம். வாக்கியம் ஓடும்போது கண்ணில் என்ன நடக்கிறதோ அதுவே படம்.

ஒரே வாக்கியம் ஏழெட்டுப் படத்துக்குள் உயிர் இழந்துவிடும். மாற்றுங்கள். அதே அக்கா, வேறு வாக்கியம்: "யார் உன்னை அடித்தது?" முகத்தின் தசை ஒன்றும் பெரிதாக மாறியிருக்காது, ஆள் மாறியிருப்பார். ஒவ்வொரு லுக்குக்கும் ஐந்தாறு வாக்கியங்களைத் தாளில் எழுதிக்கொண்டு போவது இதற்காகத்தான்.

பார்வை மரத்துப்போனால் கண்ணை மூடுங்கள், மூச்சை விடுங்கள், போட்டோகிராபர் சொன்னதும் திறந்து நேராக லென்ஸைப் பாருங்கள். அல்லது முகத்தை முழுக்கத் திருப்பிக்கொண்டு, யாரோ கூப்பிட்டது போலத் திரும்புங்கள். திறந்த முதல் நொடியிலும் திரும்பிய முதல் நொடியிலும் முகம் தயாராகியிருக்காது, அதனால் உண்மையாக இருக்கும். சிரிப்புக்கும் இப்படி ஒரு வழி உண்டு. நிஜமாகவே சிரிக்கிற மாதிரி ஏதாவது பேசச் சொல்லுங்கள். சிரித்து முடித்து, சிரிப்பு முகத்திலிருந்து வடிந்துகொண்டிருக்கிற அந்த நொடியில் கிளிக் செய்யச் சொல்லுங்கள். வாய் அடங்கியிருக்கும், கண்ணில் சிரிப்பு மிச்சமிருக்கும்.

முதல் லுக்கின் ஆரம்பத்தில் ஒருமுறை திரையில் பாருங்கள்: காலர் சரியா, முடி விலகியிருக்கிறதா, நெற்றி பளபளக்கிறதா. அதன்பின் லுக் மாறும்போது மட்டும் பார்த்தால் போதும். ஒவ்வொரு படத்தையும் எட்டிப் பார்க்கிறவர் கொஞ்ச நேரத்தில் தன் முகத்தைத் திருத்துவதிலேயே மூழ்கிவிடுவார். லென்ஸுக்குப் பின்னால் இருந்த அந்த ஆள் காணாமல் போய்விடுவார்.

களைப்பு தெரிந்தால் சொல்லுங்கள். பத்து நிமிடம் நடந்துவிட்டு வந்து எடுத்த படம், இழுத்துப் பிடித்து எடுத்த நூறு படத்தைவிடப் பயன்படும்.

தேர்வு

அதே நாள் இரவில் தேர்ந்தெடுக்காதீர்கள். இரண்டு நாள் போகட்டும்.

தனியாகவும் தேர்ந்தெடுக்காதீர்கள். இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நம் முகத்தை நாம் அதிகம் பார்ப்பது கண்ணாடியில், இடம் வலம் மாறி. கேமரா காட்டுவது மற்றவர்கள் பார்க்கிற முகம். 1977-இல் வெளியான ஓர் உளவியல் ஆய்வில், ஒருவரின் படத்தை உள்ளபடியும் கண்ணாடியில் தெரிவது போல் புரட்டியும் காட்டினார்கள். படத்தில் இருந்தவர்களுக்குப் பெரும்பாலும் கண்ணாடி வடிவமே பிடித்தது. அவர்களுடைய நண்பர்களுக்கு உள்ளபடியான முகம் பிடித்தது. ஆகவே "நான் இப்படியா இருக்கிறேன்!" என்று நீங்கள் ஒதுக்குகிற படம்தான் உலகம் அறிந்த உங்கள் முகமாக இருக்கக்கூடும்.

முதல் சுற்றில் கண் மூடியவை, ஃபோகஸ் தவறியவை எல்லாவற்றையும் நீக்குங்கள். இரண்டாவது சுற்றில் படங்களைத் திரையில் சின்னதாக்கிப் பாருங்கள். அந்த அளவிலும் கண் தெரிகிறதா, முகம் பின்னணியிலிருந்து பிரிந்து நிற்கிறதா? மூன்றாவது சுற்றில் படத்தின் வாய்ப்பகுதியைக் கையால் மறைத்துக்கொண்டு கண்ணை மட்டும் பாருங்கள். சிரிப்பு வாயில் மட்டும் இருந்த படங்கள் இந்தச் சுற்றில் தாமாகவே விழுந்துவிடும்.

மிஞ்சுகிற பத்துப் பன்னிரண்டை, நடிப்புத் துறையில் வேலை செய்கிற இரண்டு மூன்று பேரிடம் காட்டுங்கள்: நடிப்பு ஆசிரியர், உதவி இயக்குநர், கேஸ்டிங்கில் இருக்கிற யாராவது. "எது நல்லா இருக்கு?" என்று கேட்டால் அழகான படத்தைக் காட்டுவார்கள். "இந்தப் படத்தில் இருக்கிறவருக்கு என்ன வேடம் கொடுப்பீர்கள்?" என்று கேளுங்கள். வீட்டில் எழுதிய பட்டியலில் இருக்கிற வேடத்தை அவர்களே சொன்னால், அந்தப் படம் தேறிவிட்டது.

ரீடச்

இரண்டு வாரத்தில் தானாகப் போய்விடக்கூடியதை எடுக்கலாம். போகாததை விட்டுவிட வேண்டும். பரு, வெட்டுக் கீறல், பறக்கும் முடி, துணியில் ஒட்டிய நூல் இவை போகலாம். தூக்கமின்மையால் வந்த கண் கருவளையத்தைக் கொஞ்சம் தணிக்கலாம். மச்சம், தழும்பு, அம்மைவடு, நெற்றிக் கோடு, பல் இடைவெளி இவை உங்கள் முகம். இவற்றில் ஏதோ ஒன்றுக்காகவே உங்களை ஒருவர் தேர்ந்தெடுக்கலாம்.

தோலின் நிறத்தைத் தொடவே கூடாது. கேட்காமலேயே ஒரு படி வெளுப்பாக்கிக் கொடுக்கும் பழக்கம் சில ரீடச்சர்களிடம் இருக்கிறது. மூலப் படத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, மாறியிருந்தால் திருப்பி அனுப்புங்கள். அது உங்கள் உரிமை. முகத்தை மென்மையாக்கும் செயலிகளையும், செல்ஃபியிலிருந்து ஹெட்ஷாட் உருவாக்கித் தரும் ஏஐ கருவிகளையும் நடிகர்கள் தவிர்க்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. அவை தருவது உங்களைப் போன்ற ஒருவரின் படம். ஆடிஷனுக்கு அந்த ஒருவர் வரமாட்டார்.

கோப்புகளும் அனுப்புவதும்

அச்சுக்குப் பரவலாக வழக்கத்தில் உள்ள அளவு 8 x 10 அங்குலம். அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் கணக்கிட்டால் 2400 x 3000 பிக்சல். இந்த அளவில் ஒரு ஜேபெக், இணையத்துக்குச் சிறியதாக ஒரு ஜேபெக், இரண்டையும் திரைகளுக்குப் பொதுவான எஸ்ஆர்ஜிபி (sRGB) நிற அமைப்பில் கேட்டு வாங்குங்கள். கோப்பின் பெயரில் உங்கள் பெயரும் லுக்கும் இருக்கட்டும். எண்கள் மட்டும் உள்ள கோப்பு, பிறர் கணினியில் போய் விழுந்த பிறகு யாருடையது என்று தெரியாது. வாட்ஸ்அப்பில் அனுப்ப நேர்ந்தால் டாக்குமென்டாக அனுப்புங்கள். சாதாரணப் படமாக அனுப்பினால் தரம் சுருங்கிவிடும். மூலக் கோப்புகளை இரண்டு இடங்களில் சேமித்து வையுங்கள்.

முடி, தாடி, எடை, வயதுத் தோற்றம் இவற்றில் ஏதாவது கண்ணுக்குத் தெரியும்படி மாறினால் படத்தையும் மாற்ற வேண்டும். எதுவும் மாறவில்லையென்றாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை யோசியுங்கள். குழந்தை நடிகர்களுக்கு அதைவிடச் சீக்கிரமே தேவைப்படும்.

படங்களைப் பதிவேற்றிய பிறகு வருகிற அழைப்புகளைக் குறித்து வையுங்கள்: எந்த ஹெட்ஷாட்டைப் பார்த்து, எந்த வேடத்துக்கு. ஐந்தாறு அழைப்பு வந்ததும் அதைப் பழைய பட்டியலோடு வைத்துப் பாருங்கள். நீங்கள் முதன்மையாக வைத்த படத்துக்கு அழைப்பே வராமல், மூன்றாவதாக வைத்த படத்துக்குத் தொடர்ந்து வந்துகொண்டிருந்தால், மூன்றாவதை முதலில் வைத்துவிடுங்கள்.